கிரெய்க் துரையின் புல்

எனக்குச் சவக்காலை என்றாலே ஆகாது. போயும் போயும் எங்கள் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரச் சவக்காலைக்கு மொழிபெயர்க்கப் போ என்று தோட்ட மனேஜர் பெரியதுரை, கிளாக்கரான என்னைத்தான் அனுப்பினார். அங்கே புதைந்திருக்கும் கிரெய்க் துரையின் கொள்ளுப்பேத்தி லண்டனிலிருந்து எங்கள் ஸ்பிரிங்வெளிப் பக்கம் வந்திருந்தார். அது 2003ஆம் ஆண்டு.

பாம்புப் புதராக இருக்கும் என்று பூட்ஸ் மாட்டிக்கொண்டு போனால், நாவிதன் கை வைத்த தலை மாதிரிப் புல்! காவல்காரர் மாணிக்கராஜ் சிரித்துக்கொண்டு நின்றார். தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டும் மலையில் விழுந்து இடுப்புப் பிடித்துக்கொண்ட பிறகு அவருக்குத் தோட்டம் கொடுத்த வேலை இது. குனியவே முடியாத மனுஷனுக்குப் புல் வெட்டும் வேலை!

எப்படி இவ்வளவு துப்புரவு என்று அம்மையார் கேட்டார். மாணிக்கராஜ் ஒருநாளும் புல் வெட்டியதில்லையாம். மாடு வைத்திருக்கும் லயத்து வரிசைவீட்டுக் குடும்பங்களுக்கு ஆளுக்கொரு கல்லறை பிரித்துக் கொடுத்திருக்கிறார். புல்லை அவர்கள் அறுத்துக்கொள்ளலாம். கல்லையும் அவர்களே கழுவ வேண்டும். கிரெய்க் துரை, வேலாயி வீட்டுப் பங்கு.

அந்த நேரம் பார்த்துத்தானா வேலாயி அரிவாளோடு வரவேண்டும்? கிரெய்க் துரையின் புல்லில், இன்னொரு கல்லறைப் பங்குக்காரியான விஜிதா கை வைத்திருந்தாள்.

"ஒன் தொரை அந்தா மூலையில இருக்காரு. என் தொரைகிட்ட ஒனக்கு என்னாடி வேலை?"

"என் தொரை மேல பூராவும் கல்லு. மாடு கல்லையா திங்கும்?"

இதை எப்படி மொழிபெயர்ப்பது? "உங்கள் கொள்ளுப்பாட்டனார் மீது எல்லோருக்கும் அவ்வளவு பிரியம்" என்று சொல்லிவைத்தேன்.

அம்மையாருக்குக் கண் கலங்கிவிட்டது. என் பாவத்தின் சம்பளம் உடனே கிடைத்தது. இந்தப் பெண்களுக்கு இனிச் சிரமமே வேண்டாம், தன் செலவில் முழுச் சவக்காலைக்கும் சிமெந்து போட்டுவிடுகிறேன் என்றார்.

அதைத் தமிழில் சொன்னதும் இருவரும் சண்டையை மறந்துபோனார்கள். சுற்றிவரத் தேயிலை. இந்தப் புல் போனால் மாடு போகும், பிள்ளைகளின் பால் போகும். மாணிக்கராஜின் வேலையும் போகும். என் நாக்கை அறுத்துப் போடலாம் போல இருந்தது.

மாணிக்கராஜ் தொப்பியைக் கழற்றினார்.

"கிளாக்கரய்யா, இத மட்டும் மாத்தாமச் சொல்லுங்க. கடைசி நாள்ல எக்காளம் ஊதுறப்போ எல்லாரும் எந்திரிக்கணும். எங்க ஆளுங்க மண்ணத் தள்ளிட்டு வந்துருவாங்க. தொரை சிமெந்துக்கு அடியில கெடந்தா யாருங்க போயி ஒடைக்கிறது?"

ஒரு சொல் மாற்றாமல் சொன்னேன். அம்மையார் முதலில் முழித்தார். பிறகு கொள்ளுப்பாட்டனாரின் கல்லைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். சிமெந்து வேண்டாம் என்றார். பக்கத்து வெற்றிடத்தைக் காட்டி, தான் செத்தால் அங்கே இடம் கிடைக்குமா என்றும் கேட்டார். அதையும் தமிழில் சொன்னேன்.

மாணிக்கராஜ் வாய் திறக்குமுன் வேலாயி முந்திக்கொண்டாள்.

"அந்தத் தொரசானி எனக்குத்தான்!"