டயர் தண்ணீரைத் தொடாத நாள்

பாதி ஏணியில் நான் நின்றுவிட்ட அன்று கடல் அமைதியாகத்தான் இருந்தது. பழியைப் போட ஒரு அலைகூட இல்லை.

தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் எனக்கு வேலை. துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களுக்கு லாஞ்ச் படகில் போய், பக்கவாட்டில் தொங்கும் கயிற்று ஏணியில் ஏறி, கேப்டனிடம் கையெழுத்து வாங்கி வரவேண்டும். மேலே ஏறியதும் ஒரு காபி கிடைக்கும்; ஏதோ ஒரு நாட்டுக்காரரோடு கொஞ்சம் அரட்டையும் கிடைக்கும். இருபது வருடமாக இதைத் தவிர வேறு வேலைக்கு நான் ஆசைப்பட்டதே இல்லை. அன்று தொண்ணூற்றெட்டு கிலோவோடு மூச்சு முட்டி நடுவில் நின்றபோது, மேலேயிருந்து நாலு மாலுமிகள் எட்டிப் பார்த்தார்கள். கீழே லாஞ்ச் ஓட்டும் ஸ்ராங்கு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். வேம்பார்க்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர், ஆள் முருங்கைக்காய் கனம்தான் இருப்பார்.

“அண்ணாச்சி, பைய இறங்குங்க. நான் பிடிச்சிக்கிடுதேன்.”

பிடித்திருந்தால் இரண்டு பேருமே கடலில்தான். எப்படியோ இறங்கிவிட்டேன்.

செய்தி எனக்கு முன்னால் ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. மேனேஜர் ஒரே வார்த்தையில் முடித்தார்: ஆறு மாதத்துக்குள் எண்பத்தைந்து கிலோவுக்கு வந்து டாக்டரிடம் சான்றிதழ் வாங்கினால் ஏணி, இல்லாவிட்டால் மேசை. அதுவரை லாஞ்சில் போகலாம். ஆனால் கூட வரும் சகாதான் ஏறுவார். நான் கீழே உட்கார்ந்து காகிதங்களை எடுத்துக் கொடுக்கவேண்டும். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

டாக்டர் நல்ல மனிதர், வெளியூர்க்காரர். “முட்டையில வெள்ளைக்கரு மட்டும் சாப்பிடுங்க. முந்திரி நாலைஞ்சு பரவாயில்லை” என்றார். இதைத் தூத்துக்குடிக்காரனிடம் சொல்லலாமா? வெள்ளைக்கருவும் முந்திரியும் சேர்ந்தால் எங்களுக்கு அது மக்ரூன். கூம்பு கூம்பாக இருக்கும், வாயில் வைத்தால் கரையும், கையில் எடுத்தால் கனமே தெரியாது. கால் கிலோ வாங்கினால் ஒரு டப்பா நிறைய வரும். இவ்வளவு லேசான பொருளைத் தின்று ஒருவன் எப்படிக் கனக்க முடியும்? ஆபீஸ் மேசை டிராயரில் டப்பாவை வைத்துக்கொண்டு நாள் தவறாமல் வைத்தியம் செய்தேன். ஒரு மாதம் கழித்து வீட்டு எடை மெஷினில் ஏறினால் சரியாக நூறு.

என் பையிலிருந்து காலி டப்பாவை எடுத்தவள் என் மனைவி.

“வெள்ளைக்கருவாம்! அதுல கிடக்க சீனியையும் கோழியா போட்டுச்சி?”

அன்றிலிருந்து சாப்பாட்டு டப்பாவில் சோறு பாதியானது. மீனும் கீரையும் கூடின. மெஷின் பக்கம் மட்டும் நான் போகவே இல்லை. அந்த நூறு என்னை அப்படிப் பயமுறுத்தியிருந்தது.

எனக்கு வேறொரு மெஷினைக் கண்டுபிடித்தவர் ஸ்ராங்கு. கப்பலில் இடிபடாமல் இருக்க லாஞ்சின் பக்கத்தில் பழைய டயர்களைக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். படகுத்துறையில் கட்டிக் கிடக்கும்போது நான் கடல் பக்க விளிம்பில் போய் நின்றால் லாஞ்ச் சாய்ந்து, நடு டயர் தண்ணீருக்குள் போய்விடும். “இது என்னிக்கி தண்ணியத் தொடாம நிக்குதோ, அன்னிக்கி நீங்க ஏணில ஏறலாம் அண்ணாச்சி” என்றார். தினமும் காலையில் இதே சோதனை. லாஞ்ச் ஆட்கள் சுற்றி நின்று “முங்கிட்டு! முங்கிட்டு!” என்று கத்துவார்கள். மானம் போனாலும் சிரிப்பு வரும்.

பதினைந்தாம் நாள் டயர் பாதிதான் முங்கியது. அன்று எனக்கு வந்த சந்தோஷத்தில் ஆபீசுக்கு நடந்தே போனேன். மறுநாளும் நடந்தேன். ராத்திரிப் பரோட்டாவை விட்டேன். ஐந்தாம் மாதம் டயர் தண்ணீரைத் தொடவில்லை. டாக்டர் மெஷினில் எண்பத்து நாலு. அடுத்த வாரமே ஏணியில் ஏறினேன். மேலே போய்க் குடித்த காபியில் சீனி இல்லை, ஆனாலும் இனித்தது.

அதற்குப் பிறகுதான் ஸ்ராங்கு டயர்களுக்குப் புதுக்கயிறு மாற்றினார். கழற்றிப் போட்ட நடு டயரின் பழைய கயிறு என் காலடியில் கிடந்தது. வெயிலில் வெளுத்துப்போயிருந்த அதில் மூன்று இடத்தில் மட்டும் வெளுக்காமல், முடிச்சுக் கிடந்த நெளிவோடு இருந்தது. எனக்கு மெல்லப் புரிந்தது. முடிச்சுப் போட்டுக் கயிற்றைக் குட்டையாக்கி டயரை மேலே தூக்கியிருக்கிறார். நான் நிஜமாகவே இளைக்க இளைக்க, ஒவ்வொன்றாக அவிழ்த்திருக்கிறார்.

“ஏன் தம்பி இப்படிச் செஞ்ச?”

அவர் வெட்கப்பட்டார். “பதினஞ்சு நாளா உங்க மூஞ்சியப் பாக்க முடியல அண்ணாச்சி. அன்னிக்கும் முழுசா முங்கியிருந்தா, மறுநா வந்திருப்பியளா?”

வந்திருக்க மாட்டேன். அது எனக்கே தெரியும்.

போன கிறிஸ்துமஸுக்கு நண்பர்கள் வீட்டிலிருந்து கேக்கும் மக்ரூனுமாக வந்துகொண்டே இருந்தன. நானும் யார் மனதையும் நோகடிக்கவில்லை. புது வருடம் பிறந்து முதல் நாள் வேலைக்குப் போய் விளிம்பில் நின்றேன். டயர் தண்ணீரைத் தொட்டது. ஒருவரும் கத்தவில்லை. ஸ்ராங்கு என் முகத்தைப் பார்த்தார்; அவர் கை மெதுவாகக் கயிற்றுப் பக்கம் போனது.

“விடு தம்பி. டயர் அங்கனயே கிடக்கட்டும்” என்றேன். “இந்தத் தடவை நான் இளைச்சு மேல வாரேன்.”

பையில் மிச்சமிருந்த மக்ரூன் டப்பாவை அவரிடம் கொடுத்தேன். அவர் தின்னலாம், இன்னும் பத்து கிலோ ஏறினாலும் அவருக்குத் தாங்கும்.