கோணல் காய்க்கு வந்த யோகம்

இருபத்தாறு வருடம் வளைந்த வெள்ளரிக்காய்களுக்கு எமனாக இருந்தவள் ப்ரோனியா. எங்கள் ஊறுகாய்த் தொழிற்சாலையில் ஏற்றுமதித் தரம் பார்ப்பது அவள் வேலை. பக்கத்தில் நின்று ஜாடிக்கு மூடி போடுவது என் வேலை. அவள் கையில் ஒரு மரச்சட்டம், அதன் நடுவில் ஒரு பள்ளம். அதில் நேராகப் படுக்கிற காய் வினிகரில் வெந்து வெளிநாடு போகும். கோணல் காய் உப்பும் பூண்டும் சதகுப்பையும் போட்ட பீப்பாயில் விழும். அதைத் தின்னத்தான் போலந்து ஜனங்கள் நாங்கள் இருந்தோமே! ஏற்றுமதிக் காயை எங்களில் ஒருவரும் வாயில் வைத்ததில்லை. அது டாலர். டாலரைப் போய் யாராவது கடிப்பார்களா?

எண்பத்தொன்பதில் கம்யூனிஸ்ட் கட்சி ஆட்சி கவிழ்ந்தது. அதுவரை சரக்கை விற்றது வார்சா அரசுக் கழகம். வாங்கியது யார் என்றே எங்களுக்குத் தெரியாது. மறு வருடம், "நீங்களே ஆள் பிடிச்சு வித்துக்குங்க" என்று கைகழுவிவிட்டார்கள். மாதக் கடைசிக்குள் ஒப்பந்தம் கிடைக்காவிட்டால் ஏற்றுமதிப் பிரிவுக்குப் பூட்டு. ப்ரோனியாவுக்கு ஓய்வூதியம் வர இன்னும் நான்கு வருடம் இருந்தது.

ஹாம்பர்க்கிலிருந்து லூடர்ஸ் என்ற வியாபாரி வந்தார். எங்கள் எல்லையோரச் சிலேசியாவில் பிறந்தவர், எங்கள் பாஷை பேசுவார். ப்ரோனியா வெள்ளைத் துணி விரித்து நேர்க்காய்களை அடுக்கினாள். ஒன்றைக் கடித்தவரின் முகம் அஷ்டகோணலானது.

"இது எங்க ஊர்லயே மலையா கிடக்கும்மா" என்று தன் கைப்பெட்டியை மூடினார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் வந்தவரைச் சும்மா அனுப்ப முடியுமா? இயக்குநர் வோட்கா ஊற்றினார். மேசை நிறைய ஊறுகாய் இருந்தும் தொட்டுக்கொள்ள ஒருவர் கையும் அதன் பக்கம் போகவில்லை. ஏற்றுமதிச் சரக்காயிற்றே! ப்ரோனியா பழக்கதோஷத்தில் இழுப்பறையைத் திறந்து, தன் மதியச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த கோணல் காய் ஜாடியை நீட்டினாள்.

லூடர்ஸ் ஒன்று தின்றார். இன்னொன்று. மூன்றாவது வாயில் இருக்கும்போதே கேட்டார்:

"இதை ஏம்மா ஒளிச்சு வச்சீங்க?"

"ஐயய்யோ, அது கழிவுங்க! நாங்க திங்கிறது!"

"எனக்குக் கழிவுதான் வேணும். மாசம் ரெண்டு லாரி."

"கோணக் காயை எல்லை தாண்டி அனுப்பினா நாட்டு மானம் என்னாகுறது?"

சத்தியமாகக் கேட்டாள்! இயக்குநர் மேசைக்கடியில் அவள் காலை மிதித்தார். "அடிப்பாவி, உன் பென்ஷன் என்னாகும்னு முதல்ல யோசி" என்று நான் காதைக் கடித்தேன். அதற்குப் பிறகுதான் வாயை மூடினாள். ஒப்பந்தம் கையெழுத்தானது.

மரச்சட்டம் அதேதான், வேலை தலைகீழ். இப்போது நேர்க்காயைத்தான் அவள் ஒதுக்குகிறாள். அது ஊர்க் கடைக்கு வந்த முதல் நாள், 'ஏற்றுமதித் தரம்' என்ற சீட்டைப் பார்த்துத் தெருவே வரிசையில் நின்றது. நாங்களும் நின்றோம். ப்ரோனியா ஒரு ஜாடி வாங்கி, கடை வாசலிலேயே திறந்து, ஆயுசில் முதல் தடவையாக ஒன்றைக் கடித்தாள். மென்றாள். கைக்குட்டையில் துப்பினாள்.

"இருபத்தாறு வருஷமா இந்தக் கண்றாவியையாடி அனுப்பினேன்?"

பாவமாக இருந்தது. "விடுடி. உன் இழுப்பறையில கோணக் காய் இருக்குமே, ஒண்ணு குடு, வாய்க்கு நல்லாருக்கும்" என்றேன்.

ப்ரோனியா என்னை முறைத்தாள்.

"அது ஏற்றுமதிச் சரக்குடி! அதைப் போய் நாம திங்கிறதா?"