பாதரசம் ஏறாத மண்குப்பி

மண்ணின் ஈரம் பார்க்கும் கருவி ஒன்றை இரவல் வாங்கியிருந்தோம். அதைத் திருப்பிக் கொடுக்க ஆனி மாதம் அப்பாவும் நானும் குற்றாலம் போனோம். அங்கே ஒரு பழத்தோட்டத்து மேஸ்திரி இதை விவசாயிகளுக்குத் தருகிறார். சண்டைக்காலத்தில் பாதரசம் கிடைப்பதில்லை என்பதால் பத்திரமாகத் திருப்பித் தர வேண்டும். வாங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

சுட்ட மண்ணால் ஆன சிறு குப்பி, அதன் வாயில் பாதரசக் குழாய். குப்பியில் நீர் நிரப்பி வேரருகே புதைக்க வேண்டும். மண் காய்ந்தால் அந்த நீரை உறிஞ்சும், பாதரசம் ஏறும். அப்போது பாய்ச்சினால் போதும். எங்கள் கிணற்றில் வாழைக்கு இரண்டு முறை பாய்ச்சத்தான் தண்ணீர் மீதி இருந்தது. மேல்காற்றில் இலை துவள்வதைப் பார்த்து ஏமாறாதீர்கள் என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். நான்காம் வகுப்போடு நின்றவள்தான், ஆனாலும் எண் தெரியும் என்பதால் தினமும் நான் பார்ப்பேன்.

"ஏறிச்சாட்டி?" என்பார் அப்பா.

"இல்லப்பா."

குலைகள் ஒடிந்து விழும்வரை பாதரசம் ஏறவேயில்லை, நாங்களும் பாய்ச்சவில்லை. குத்தகை நிலமும் கைவிட்டுப் போயிற்று.

எங்கள் ஊர் ஆய்க்குடியிலிருந்து தென்காசி ஐந்து மைல். விடியுமுன் நடந்தால் வெயிலுக்கு முன்னே சேரலாம். அங்கிருந்து குற்றாலம் மூன்று மைல், குதிரை வண்டிக்கு ஆளுக்கு இரண்டணா. வண்டிக்காரர் என் மடியிலிருந்த குப்பியைப் பார்த்தார்.

"ஊரே குளிக்க வருது, அண்ணாச்சி சமைக்க வாறியளோ? இந்தச் சட்டி ஒரு ஆளுக்கே காணாதே!"

அப்பா சிரிக்கவில்லை. சாரல் முகத்தில் அடித்தது. எங்கள் வாழைக்கு எட்டு மைல் தள்ளிப் பெய்துகொண்டிருந்தது.

மேஸ்திரி குப்பியில் நீர் ஊற்றித் தூக்கிப் பிடித்தார். வெளியே துளிகூடக் கசியவில்லை. முகர்ந்து பார்த்தார்.

"ஏட்டி, இதுல எண்ணெய் பட்டுதா?"

அப்பா சொன்னார்: "வாங்கிட்டுப் போன அன்னைக்கு தென்காசியில தங்கச்சி வீட்டுல தங்கினோம். புதுச் சட்டி கீறிரக் கூடாதுன்னு எண்ணெய் தடவி, கஞ்சி ஊத்திப் பழக்கி வச்சா. நாங்களும் நல்லதுன்னுதான் இருந்தோம்."

"குப்பியில உள்ள பொடிக் கண்ணெல்லாம் அடைச்சுப்போச்சே அண்ணாச்சி! மண்ணு எப்படித் தண்ணியை இழுக்கும்? வேற தாரேன், கொண்டு போங்க."

"எங்கன புதைக்க?" என்றார் அப்பா.

திரும்பும்போது அத்தை வீட்டில் சாப்பாடு.

"வாழை போயிட்டுதாமே அண்ணே. சட்டியாவது கீறாம இருந்துதா? நான் பழக்கினதுல்லா."

"கீறவே இல்லட்டி" என்று அப்பா இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார்.

புதைக்கும் முன் குப்பியில் நீர் ஊற்றிப் பாருங்கள். வெளிப்புறம் ஈரமானால் மட்டும் புதையுங்கள். மூன்று மணிக்குள் தோட்டத்தை விட்டால் இருட்டுமுன் ஆய்க்குடி சேரலாம். தென்காசியில் தங்க வேண்டாம். தங்க நேர்ந்தால், எவ்வளவு பிரியமானவர்கள் வீடானாலும், மூட்டையை அவிழ்க்காதீர்கள்.