ஒரே மாதிரி கதவுகள்

எங்கள் குடியிருப்பின் சங்கச் செயலாளருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் ‘ஒரே மாதிரி’. அவர் காதுபடச் சொன்னாலும் கோபித்துக்கொள்ள மாட்டார். பாராட்டுகிறோம் என்று நினைத்துக்கொள்வார். அவ்வளவு தடித்த தோல்.

ஒரு டைல்ஸ் தொழிற்சாலையில் காலமெல்லாம் வேலை பார்த்தவர். சூளையிலிருந்து வெளிவரும் டைல்ஸ் வரிசையாக பெல்ட்டில் நகர்ந்து வரும். நிறத்தில் ஒரு பொட்டு வித்தியாசம் தெரிந்தாலும் அதை எடுத்து ஓரமாகப் போட வேண்டும். அதுதான் அவருக்குச் சம்பளம் கொடுத்த வேலை. ஓய்வு பெற்ற பிறகு கண்ணும் கையும் சும்மா இருக்க மறுத்தன. பெல்ட்டுக்குப் பதிலாக நாங்கள் அகப்பட்டோம்.

சங்கத்தால் ஒரு நன்மையும் இல்லை என்று வாய் கூசாமல் சொல்ல முடியாது. நான் முன்பு வாடகைக்கு இருந்த கட்டடத்தில் சங்கம் கிடையாது. மாடிப்படி விளக்கு எரியாமல் போனால் அடுத்தவன் மாற்றட்டும் என்று ஆளாளுக்குக் காத்திருப்போம். யாராவது காலை உடைத்துக்கொண்டால்தான் பல்பு வரும். இங்கே அப்படி இல்லை. மோட்டார் ரிப்பேர் ஆனால் குளித்து முடிப்பதற்குள் ஆள் வந்துவிடுகிறான். லிஃப்ட் ஓடுகிறது, குப்பை காலையிலேயே போய்விடுகிறது, கண்டதை விற்க வருகிறவர்களைக் காவலாளி வாசலோடு அனுப்பிவிடுகிறார். எல்லாம் ‘ஒரே மாதிரி’ செய்த வேலைதான். அந்த மனிதருக்கு உடம்பு வளையாது என்று யாரும் சொல்ல முடியாது. வளையாதது வேறு.

மிதியடிக்கு அளவு, பால்கனிச் செடிக்கு உயரம், செருப்பு அலமாரிக்கு இடம் என்று எல்லாவற்றுக்கும் அவரிடம் விதி உண்டு. அவற்றில் அவர் நெஞ்சுக்கு நெருக்கமானது கதவு விதி. எல்லாக் கதவும் பழுப்பு நிறம், கதவில் எதையும் ஒட்டவோ மாட்டவோ கூடாது, எண் தகடுகூடக் கட்டைவிரல் அகலத்துக்கு மேல் போகக் கூடாது. இதை மாற்ற வேண்டுமானால் வீட்டு உரிமையாளர்கள் அத்தனை பேரும் ஒருமனதாகச் சம்மதிக்க வேண்டும். இந்த விதியை அவர் கூட்டத்தில் வாசித்தபோது நாங்கள் கேட்கவே இல்லை. சீக்கிரம் வீட்டுக்குப் போனால் போதும் என்று கையைத் தூக்கினோம்.

இரண்டாவது மாடி பாட்டு டீச்சர் தன் கதவுக்கு நீலம் அடித்தபோதுதான் விதியின் அருமை புரிந்தது. ‘ஒரே மாதிரி’ அவர் வாசலில் போய் நின்று, கழுத்தைச் சாய்த்து வெகுநேரம் பார்த்தார்.

“கலர் நல்லாத்தான் இருக்கு டீச்சர். ஆனா ஒரே மாதிரி இல்லையே.”

“என் கதவு சார்.”

“உள்பக்கம் உங்களோடது. வெளிப்பக்கம் சங்கத்தோடது.”

டீச்சர் சில நாள் முறைத்துக்கொண்டு திரிந்தார். பிறகு பழுப்பு அடித்துவிட்டார். தினமும் லிஃப்டில் பார்க்கிற முகத்தோடு யார் சண்டை போட்டுக்கொண்டே இருப்பது?

நான் மூன்றாவது மாடி. அவர் வீடு நேர் மேலே, நான்காவது. ஒரு கம்பெனிக்கு வரும் புகார்களுக்கு வீட்டிலிருந்தபடியே பணிவாகப் பதில் எழுதுவது என் பிழைப்பு. நாளெல்லாம் ‘தங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்று எழுதுகிறவளுக்கு மிச்சமிருக்கும் நேரத்தில் யாரையாவது திட்ட வேண்டும்போல் இருக்கும். அதற்கு அவரே போதும்.

அவர் மனைவியை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். மருந்துக் கடையில் வேலை பார்த்தவர். எந்த டாக்டரின் கிறுக்கலையும் ஒரே பார்வையில் படித்துவிடுவார். அந்த மூளைதான் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டிருந்தது. ஒரு நாள் என் கதவுப் பூட்டில் யாரோ சாவியைத் திணிக்கும் சத்தம் கேட்டுத் திறந்தேன். அக்கா நின்றிருந்தார்.

“பூட்ட மாத்திட்டாரா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல வேணாம்?” என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்து, நேராகச் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தார். எல்லா வீட்டிலும் சமையலறை ஒரே இடத்தில்தானே இருக்கிறது. திரும்பி வந்து கூடத்தைப் பார்த்ததும்தான் முகம் சுருங்கியது. “சோபாவ யாரு இப்படிப் போட்டது?”

“அக்கா, இது என் வீடு. உங்க வீடு மேல.”

“ஆமாமா, தெரியும்” என்றார், எதுவும் தெரியாமல். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விட்டேன். அதன்பிறகு அது வாடிக்கையாகிவிட்டது.

கதவில் அவருக்கு அடையாளம் தெரிகிற மாதிரி ஏதாவது செய்யச் சொல்லி டாக்டர் சொன்னாராம். நல்ல பளிச்சென்ற நிறம் அடித்தால் ரொம்ப உதவும் என்றாராம். இதை ‘ஒரே மாதிரி’யே என்னிடம் சொன்னார், அந்த டாக்டருக்கு உலகம் தெரியவில்லை என்கிற தோரணையில்.

“அடிச்சிட வேண்டியதுதானே சார்?”

“டீச்சர் மூஞ்சியில எப்படிம்மா முழிக்கிறது?”

பெண்டாட்டி வீடு தெரியாமல் அலைகிறார், இவருக்கு டீச்சர் மூஞ்சி கவலை.

பிறகு அக்கா காணாமல் போனார். காவலாளி கேட்டைச் சாத்தினார், நாங்கள் மாடி மாடியாகத் தேடினோம். கடைசியில் எங்கள் குடியிருப்பிலேயே பக்கத்துக் கட்டடத்தின் நான்காவது மாடியில், ஆளில்லாமல் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டின் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். மதியச் சாப்பாடு இல்லை. தட்டித் தட்டி விரல் முட்டி சிவந்திருந்தது. “எவ்வளவு நேரமா தட்டறேன், திறக்கவே மாட்டேங்கறாரு” என்று என்னிடம் புகார் சொன்னார். பின்னால் நின்ற ‘ஒரே மாதிரி’ குனிந்து அந்த விரல்களை ஊதிவிட்டார். ஒரு நிமிஷம் அந்த ஆள்மேல் எனக்குப் பாவமாகக்கூட இருந்தது. அவர் அதோடு நிறுத்தியிருந்தால் நானும் திட்டுவதை நிறுத்தியிருப்பேன்.

அடுத்த கூட்டம் வழக்கம்போல் கார் நிறுத்தும் இடத்தில், பிளாஸ்டிக் நாற்காலிகளில் நடந்தது. நான் எழுந்து, செயலாளர் வீட்டுக் கதவுக்கு மட்டும் மஞ்சள் அடிக்கச் சங்கம் அனுமதிக்க வேண்டும் என்றேன். முதலில் தூக்கியது பாட்டு டீச்சரின் கைதான். பிறகு மளமளவென்று எல்லாக் கையும் எழுந்தது. எந்தத் தீர்மானத்துக்கும் வாயைத் திறக்காத முதல் மாடிப் பல் டாக்டர்கூட இரண்டு கையையும் தூக்கினார்.

‘ஒரே மாதிரி’ ஒவ்வொரு கையாகப் பார்த்தார். அவர் கை மடியிலேயே கிடந்தது.

“நானும் உரிமையாளர்தானே. எனக்குச் சம்மதம் இல்ல. அதனால ஒருமனதா இல்ல. தீர்மானம் தள்ளுபடி.”

“சார், இது உங்க வீட்டுக்காகத்தான்!” என்று டீச்சர் கத்தினார்.

“அதான் டீச்சர். நாளைக்கு எவனும் செயலாளர் தன் வீட்டுக்குத் தனிச் சட்டம் வெச்சுக்கிட்டான்னு சொல்லிடக் கூடாது பாருங்க.”

சொல்லும்போது முகத்தில் ஒரு பூரிப்பு. தியாகம் செய்கிறாராம்! செய்கிறவர் இவர், செலவாகிறவர் அக்கா. பின்வரிசையில் ஒரு முட்டாள் ‘இவரல்லவா மனுஷன்’ என்று கைதட்ட, இரண்டு மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள். திருடன், பொய்யன், குடிகாரன் எல்லோரையும் ஏதோ ஒரு விதத்தில் சகித்துக்கொள்ளலாம். அன்று மடியில் கிடந்த அந்தக் கையை என்னால் சகிக்க முடியவில்லை.

மறு வாரம் மேலே துளையிடும் சத்தம் கேட்டது. படியேறிப் போனேன். தன் கதவின் வெளிப்பக்கம், கீழ் மூலையில், ஒரு சின்னத் தாழ்ப்பாளைப் பொருத்தி அதற்குப் பழுப்பு அடித்துக்கொண்டிருந்தார்.

“தள்ளி நின்னு பாருங்கம்மா. இருக்கறதே தெரியாது” என்றார். உண்மைதான், தெரியவில்லை. நிறம் பொருத்துவதில் அந்த ஆளை யாரும் மிஞ்ச முடியாது.

அதன்பிறகு அவர் தோட்டக்காரனை விரட்டவும் வண்டிகள் கோட்டுக்குள் நிற்கின்றனவா என்று பார்க்கவும் நிம்மதியாகக் கீழே போனார். நேற்று முற்பகல் மேலே கதவு இடிபடும் சத்தம் கேட்டது. வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

“யாராவது திறங்களேன்” என்று உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. “நான் எங்க வீட்டுக்குப் போகணும். அவரு தேடுவாரு.”

குனிந்து தாழ்ப்பாளைத் தள்ளித் திறந்தேன். அக்கா வெளியே வந்தார். வரிசையாக இருந்த கதவுகளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

“இதுல எங்க வீடு எதும்மா?”

“இதுதான்கா. இப்ப வெளியே வந்தீங்களே, இதே வீடுதான்.”

அக்கா திரும்பித் திறந்திருந்த கதவை நன்றாகப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்குத்தான் விவரம் போதாது என்பதுபோல் தணிந்த குரலில் சொன்னார்.

“இது இல்லம்மா. இங்க உள்ள வெச்சுப் பூட்டுவாங்க. எங்க வீட்டுல அவரு இருப்பாரு.”