தேவமலரக்கா மேடையில் ஆள் கேட்டார்

எங்கள் புக்கிட் காத்தில் பக்கம் பொன்னாடைக்குப் பஞ்சமே கிடையாது. திருவிழாவுக்கு நாற்காலி வாடகைக்குக் கொடுத்தவருக்கு ஒரு பொன்னாடை, அந்த நாற்காலியில் கடைசிவரை உட்கார்ந்திருந்தவருக்கும் ஒரு பொன்னாடை. குடியிருப்பாளர் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் நானே எத்தனையோ பேருக்குப் போர்த்தியிருக்கிறேன். இந்த வருஷம் பொங்கல் விழாவோடு சேவையாளர்களையும் பாராட்டலாம் என்று தலைவர் ஹரிதாஸ் சொன்னபோது, இந்தத் தடவையாவது தகுதியான ஆளுக்குப் போர்த்துவோமே என்று தேவமலரக்காவின் பெயரைச் சொன்னேன்.

கூட்டத்தில் இருந்தவர்கள் எல்லோருக்கும் திடீரென்று தேநீர் ஞாபகம் வந்துவிட்டது. ஆளாளுக்குக் கோப்பையை எடுத்து உறிஞ்ச ஆரம்பித்தார்கள்.

தேவமலரக்காவைத் தெரியாத வீடு எங்கள் வட்டாரத்தில் இல்லை. ஆனால் அவர் செய்கிற வேலையை வாய்விட்டுச் சொல்ல யாருக்கும் நாக்கு வராது. ஒரு வீட்டில் பெண் யாராவது இறந்துபோனால், அந்த உடலைக் குளிப்பாட்டி, தலை சீவி, சேலை உடுத்திப் படுக்க வைப்பவர் அவர்தான். ரப்பர் தோட்டத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளில் இருந்த காலத்தில் பக்கத்து வீட்டுப் பெண்களே கூடிச் செய்துவிடுவார்கள். இப்போது தாமான் என்கிற புதுக் குடியிருப்பில் ஒரு பக்கம் சீனர் வீடு, மறுபக்கம் பூட்டிய வீடு. சொந்தக்காரர்கள் ஜொகூரிலிருந்து வந்து சேர மத்தியானம் ஆகிவிடும். சவப்பெட்டி கொண்டுவருகிற கம்பெனி ஆட்கள் பெரும்பாலும் ஆண்கள். அவர்கள் கையில் தாயை ஒப்படைக்க மனமில்லாமல் மகள்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும்போது, யாராவது ஒருவர் அக்காவுக்குப் போன் போடுவார்.

அக்கா டுரியான் துங்காலில் ஒரு கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறார். முதலாளி மலாய்க்காரர். போன் வந்தது தெரிந்தால் "பெர்கி லா, கக்கா", போய் வாங்க அக்கா என்று சொல்லி, அக்காவின் கையில் இருக்கிற பாத்திரத்தைத் தானே வாங்கிக்கொள்வார். என் அக்காள் அகல்யா இறந்துபோனபோது அப்படித்தான் ஈரக் கையோடு வந்தார். வேலை முடிந்ததும் யாரிடமும் சொல்லாமல் போய்விட்டார். சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு போகிற வழக்கமும் இல்லை, அங்கே யாரும் யாருக்கும் நன்றி சொல்வதும் இல்லை. அதனால் இத்தனை வருஷத்தில் அந்த மனுஷிக்கு ஒருவர்கூட நன்றி சொன்னதில்லை. கல்யாணத்துக்குப் பத்திரிகை மட்டும் வைப்பார்கள். போனால், மணவறைப் பக்கம் வந்துவிடுவாரோ என்று சில பெண்கள் முகத்தைச் சுளிப்பார்கள். அக்கா அதற்கெல்லாம் அசரமாட்டார். நேராகப் பந்திக்குப் போய், வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, மொய்யை வைத்துவிட்டு வந்துவிடுவார்.

"நல்ல காரியம் நடக்குற மேடைங்க" என்றார் ஹரிதாஸ், கோப்பையைக் கீழே வைத்துவிட்டு. "புள்ளைங்க எல்லாம் பொங்கலுக்கு வந்திருக்கும். அங்க போயி இதைச் சொல்லணுமா?"

"நீங்க சாக மாட்டீங்களா?" என்று கேட்டுவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அக்காவுக்குப் பொன்னாடை உண்டு. ஆனால் என்ன சேவை என்று சொல்லக் கூடாது. பொதுவாக 'சமூகப் பணிகள்' என்று அறிவித்துவிடலாம். செய்த வேலையை மறைத்துவிட்டு ஆளைப் பாராட்டுகிற வித்தை எங்கள் ஆட்களுக்கு மட்டும்தான் வரும். எனக்கு வந்த கோபத்தை அடக்கிக்கொண்டு அழைப்பிதழோடு அக்காவின் பிளாட்டுக்குப் போனேன்.

அழைப்பிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்த அக்கா, "செகரட்டரியம்மா, மேடையில ரெண்டு வார்த்தை பேச விடுவாங்களா?" என்று கேட்டார்.

"எதுக்குக்கா?"

"ஆள் கேக்கணும்."

இந்த வேலைக்கு அவரோடு வருஷக்கணக்காகத் துணைக்கு வந்துகொண்டிருந்த மோகனா, முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு ஜொகூரில் மகளோடு போய் இருந்துவிட்டார். அன்றிலிருந்து அக்கா ஒண்டி ஆள். அறுபது தாண்டியவர். போன மாசம் தஞ்சோங் கிளிங்கில் ஒரு பெரிய சரீரத்து அம்மாள். உதவிக்கு நின்ற மகள் மயங்கி விழுந்துவிட, அக்கா தனியாகப் புரட்டப் பார்த்திருக்கிறார். பிடி நழுவி, உடல் பெஞ்சின் விளிம்புவரை வந்துவிட்டதாம்.

"கீழ போட்டிருப்பேன்" என்றார். "எங்கம்மாவ போட்ட மாதிரி."

அதை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். அக்காவின் தாய் தோட்டத்தில் இறந்தபோது உடம்பெல்லாம் புண். ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து பெண்கள் தள்ளி நின்றுவிட்டார்கள். பெத்தம்மாள் என்கிற பக்கத்து வீட்டுக்காரி மட்டும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தார். அக்கா அப்போது கல்யாணமாகாத சின்னப் பெண். இருவராலும் தூக்க முடியவில்லை. தாய் சிமெண்டுத் தரையில் விழுந்துவிட்டார்.

"அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்கு. அதுக்கப்புறம் யார் வீட்டுல ஆள் பத்தலன்னாலும் போனேன். எந்த அம்மாவையும் கீழ போட்டதில்ல. இனிமே போட்டுருவேனோன்னு பயமா இருக்கு லா."

சிறப்பிக்கப்படுபவர்கள் பேசுவதற்கு நிகழ்ச்சியில் நேரமில்லை என்று ஹரிதாஸ் கறாராகச் சொல்லிவிட்டார். பிரமுகர்கள் பேசுவதற்கு மட்டும் நேரம் தாராளமாக இருந்தது.

விழா அன்று மண்டபம் நிறைந்திருந்தது. தன் முறை வந்ததும் அக்கா கத்தரிப்பூ நிறச் சேலையில் மேடையேறினார். அறிவிப்பாளர் கவிநேசன் நல்ல பையன், கொடுத்ததைப் படித்தான்: "பல்வேறு சமூகப் பணிகளில் தம்மை அர்ப்பணித்துக்கொண்டவர்." பொன்னாடை விழுந்தது, படம் எடுத்தார்கள். எல்லோரும் அவர் இறங்குவார் என்று பார்த்துக்கொண்டிருக்க, அவர் கவிநேசனிடம் கையை நீட்டி, "தம்பி, அதக் கொஞ்சம் குடுங்க" என்றார். பெரியவர் கேட்டால் கொடுக்காமல் இருக்க அவனுக்குத் தெரியவில்லை. மைக் கைமாறிவிட்டது.

"நான் செத்துப்போன பொம்பளைங்கள குளிப்பாட்டுறவ. இங்க உக்காந்திருக்குற பாதிப் பேரு வீட்டுக்கு வந்திருக்கேன்" என்று ஆரம்பித்தார். "நல்ல நாள்ல இதப் பேசுறேன்னு கோவிச்சுக்காதீங்க. கெட்ட நாள்ல கேட்டா உங்களுக்குக் காதுல விழாது. எனக்குத் தெம்பு கொறைஞ்சு போச்சு. ஒருத்தியா தூக்க முடியல. உங்கம்மா, உங்க மாமியாரு, யாரும் கீழ விழுந்துறக் கூடாது. கூட நிக்க நாலு பொம்பளைங்க வேணும். நாளைக்கு எனக்கும் வேணும்."

ஒரு தாய் தன் பிள்ளையின் காதைப் பொத்தினாள். அக்கா கொஞ்ச நேரம் காத்திருந்தார். ஒரு கைகூட உயரவில்லை. ஹரிதாஸ் பாய்ந்து மைக்கை வாங்கி, "சாப்பாடு தயார்" என்றார். ஜனங்கள் தப்பித்தோம் பிழைத்தோம் என்று எழுந்தார்கள்.

பந்தியில் நான் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் பாயசத்தை இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டு, "கேட்டாச்சு. கேக்காம இருந்திருந்தாதான் தப்பு" என்றார். அவமானப்பட்ட மாதிரியே தெரியவில்லை. அத்தனை பேர் முன்னால் நின்று கேட்கிற துணிச்சல் எங்கள் சங்கத்துப் பெரிய மனிதர்கள் யாருக்கும் கிடையாது என்று அப்போது நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன்.

மாசி பிறந்த சமயத்தில் ஒரு காலை, பக்கத்துத் தாமானில் பாக்கியலட்சுமி என்ற அம்மாள் தவறிவிட்டதாக அக்கா போன் செய்தார். "வர்றீங்களா? சும்மா வாசல்ல நின்னாப் போதும். ஒருத்தர் இருக்காங்கன்னு தைரியம்." பிணம் என்றாலே நான் பத்தடி தள்ளி நிற்பவள். ஆனாலும் காரை எடுத்துக்கொண்டு போய், வழியில் அக்காவையும் ஏற்றிக்கொண்டேன். அவர் பையை மடியில் வைத்துக்கொண்டார்.

வீட்டின் பின்பக்கம் போனதும் இருவரும் நின்றுவிட்டோம். அங்கே பெண்கள் நின்றிருந்தார்கள். தாமான் வாட்ஸ்அப்பில் செய்தியைப் பார்த்துவிட்டு வந்தவர்கள். ஹரிதாஸின் மனைவி வாணி, கணவரிடம் பசாருக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, காலிக் கூடையோடு நின்றார். சலூன் நடத்துகிற ஷாந்தினி ஒரு பெட்டி கையுறை கொண்டுவந்திருந்தாள். இரவு ஷிப்ட் முடிந்து பேக்டரிச் சட்டையோடு நேராக வந்திருந்த ராகினிக்குக் கண்கள் சிவந்திருந்தன. பின்னால் இன்னும் இரண்டு பேர், எனக்குப் பெயர் தெரியாதவர்கள்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?" என்று வாணியிடம் கேட்டேன்.

"பொங்கப் பான முன்னால எப்படிங்க கையத் தூக்குறது" என்றார் அவர், தரையைப் பார்த்தபடி.

அக்கா அதைக் கேட்கவில்லை. அவர் வேலையில் இறங்கிவிட்டார். திரையைக் கட்டச் சொன்னார், ஆண்களை முன்பக்கம் அனுப்பினார். "தலைய நான் புடிச்சுக்கிறேன். ஆளுக்கு ஒரு பக்கம் கையக் குடுங்க. இழுக்காதீங்கம்மா, அவங்களுக்கு வலிக்கும்." வாணி கண்ணை மூடிக்கொண்டார். நானும் எப்படியோ காலைப் பிடித்திருந்தேன். எல்லோரும் சேர்ந்து தூக்கியபோது அந்த அம்மாள் லேசாக, ஆடாமல் அசையாமல், பலகையில் வந்து இறங்கினார்.

அப்போது அக்கா அழுதார். சாவு வீட்டில் அவர் கண்ணில் நான் ஒரு சொட்டுக்கூடப் பார்த்ததில்லை. அன்றைக்கு அந்த அம்மாளின் தலையை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டே, சத்தம் போட்டு அழுதார்.

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து மகள் ஓடி வந்தாள். என் தோளைத் தொட்டு, "ஆன்ட்டி, இவங்க எங்கம்மாவுக்கு என்ன வேணும்? நான் பாத்ததே இல்லையே" என்று கேட்டாள்.

"தங்கச்சி முறை" என்று சொல்லிவிட்டு, நான் தண்ணீர் எடுக்கப் போனேன்.