நவமணி அன்ரியின் மேற்குச் சுவர்

போன ஞாயிற்றுக்கிழமை மேல்மாடி ரிஸ்வான் நானா வந்து கதவைத் தட்டினார். கல்கிசைக்கு நாங்கள் குடிவந்ததிலிருந்து அவர் வீட்டில் மின்சாரத்தில் ஓடும் எது பழுதானாலும் என் கதவுதான் தட்டுப்படும். இத்தனைக்கும் நான் காப்புறுதிக் கம்பனி ஒன்றில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவன். இளமையில் சில வருடங்கள் புரொஜெக்டர் வாடகைக்கு விடும் கடையில் வேலை செய்தேன் என்று ஒரு பெருநாள் சாப்பாட்டில் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். தவளை தன் வாயால் கெட்ட கதைதான்.

"தம்பி, ஊட்டுல தியேட்டர் மாதிரி போட்டேனே, அது திரும்ப தானா ஓஃப் ஆகுது. கொஞ்ச நேரம் படம் வருது, பொறகு ஒண்டுமில்ல," என்றார்.

போய்ப் பார்த்தேன். புரொஜெக்டரை அலுமாரித் தட்டுக்குள் சுவரோடு ஒட்ட வைத்திருந்தார். மூச்சு விட இடமில்லாவிட்டால் அது சூடேறித் தானாக நின்றுவிடும். பக்கத்து மூடியைத் திறந்து தூசி வடிகட்டியை இழுத்தேன். சூடான தூசியின் வாசனை முகத்தில் அடித்தது. பஞ்சும் இரும்பும் சேர்ந்து கருகினாற்போல ஒரு வாசனை. நானா பின்னால் நின்று ஏதோ கேட்டார். நான் பதில் சொன்னேனோ தெரியாது. மனம் அந்த நேரம் கொட்டாஞ்சேனைக்குப் போய்விட்டது.

எங்கள் கடை கோயிலடி ஒழுங்கையில் இருந்தது. கலியாணம், பிறந்தநாள், கிரிக்கெட், கந்தோர்க் கூட்டம் என்று எல்லாவற்றுக்கும் புரொஜெக்டர் போகும். கூடவே நானும் போவேன். காசுக்காரர் சிலர் வீட்டிலேயே சொந்தமாக ஒன்று மாட்டியிருப்பார்கள். அவர்களிடமிருந்தும் அழைப்பு வரும். படம் மங்கல், படம் கோணல், ஒரே நீலம், சத்தம் வருகிறது ஆள் வரவில்லை. மங்கல் என்றால் கண்ணாடியைத் துடைக்க வேண்டும், கோணல் என்றால் பெரும்பாலும் மேசைதான் கோணல், நீலம் என்றால் வயர். கொம்பனித்தெருவில் ஒரு பெரியவர் புது மெசின் செத்துப்போயிற்று என்று கூப்பிட்டார். போனால் கண்ணாடியின் மூடியைக் கழற்றாமல் வைத்திருக்கிறார். மருமகன்மார் வரிசையாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூடியை உள்ளங்கைக்குள் மறைத்துக்கொண்டு, பின்பக்கம் எதையோ திருகுவதுபோல் கொஞ்ச நேரம் நின்றேன். படம் வந்ததும் அவர் என் முதுகில் தட்டினார். அந்த வேலையில் மெசினின் பிழையை விட மனிதரின் முகத்தைக் காப்பாற்றுவதுதான் அதிகம்.

அப்படி ஒரு நாள் வெள்ளவத்தையிலிருந்து சபாரத்தினம் அங்கிள் என்றொருவர் கடைக்குத் தொலைபேசி எடுத்தார். கலியாணமா அங்கிள் என்று நான் உற்சாகமாகக் கேட்டேன்.

"இல்லத் தம்பி. செத்தவீடு."

அவருடைய தங்கை நவமணி அன்ரி. அன்ரியின் மகன் சுதாகரன் ரொறன்ரோவில் இருந்தவர், வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சடைத்துப் போய்விட்டார். பிள்ளைகள் இன்னும் பள்ளிக்கூடம் போகிற வயது. அன்ரிக்கு விசா கிடைக்கவில்லை. அங்கேயே இருக்கும் அன்ரியின் மகள் கலா இறுதிக் கிரியையை இன்டர்நெட்டில் நேரடியாகக் காட்ட ஒழுங்கு செய்திருந்தாள். அங்கே காலை, இங்கே விளக்கு வைத்த பிறகு.

நான் மெசினைத் திறீவீலரில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். மூன்றாம் மாடி. வாசலில் செருப்புகள் குவிந்திருந்தன. வாடகைக் கதிரைகளில் சனம். கொழும்பில் உடல் இல்லாத செத்தவீட்டை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். சுதாகரனின் படத்துக்கு மாலை போட்டு, முன்னால் குத்துவிளக்கு ஏற்றியிருந்தார்கள். அன்ரி என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, ஃபோன்ல பாத்தா விரல் அளவுதான் தெரியும். பெட்டி மூட முன்னம் எனக்கு அவன ஆள் அளவில பாக்கோணும். செய்வீரோ?"

"செய்றேன் அன்ரி."

சொல்லிவிட்டேன். ஆனால் அறை எனக்கு ஒத்துழைக்கவில்லை. குத்துவிளக்கு வெளிச்சத்தில் படம் வெளிறும். அதை அணைக்கச் சொல்ல எனக்கு வாய் வருமா? ஒரு தாம்பாளத்தை மறைப்பாக நிறுத்தி வைத்தேன். வெள்ளவத்தையில் அந்த ஒழுங்கைகள் எல்லாம் காலி வீதியிலிருந்து நேரே கடலுக்கு இறங்குபவை. அன்ரியின் ஹோலில் வீதிப் பக்கம், அதாவது கிழக்கே, ஒரு பெரிய வெறும் சுவர். எதிரே மேற்கில் கடலைப் பார்த்த பல்கனிக் கதவு. யாராக இருந்தாலும் கிழக்குச் சுவரைத்தான் எடுத்திருப்பார்கள். நானும் எடுத்தேன். மேசையை முன்பின் நகர்த்தி, பெட்டி உண்மையான பெட்டியின் நீளத்துக்கு வரும்படி அளவைச் சரிசெய்தேன்.

படம் தெளிந்தது. சுதாகரன் கோட் போட்டு, நெற்றியில் திருநீறு பூசி, வெள்ளைச் சாட்டின் துணியின் மேல் கிடந்தார். காலடியில் பிள்ளைகள் வைத்த மலர்வளையம், அதில் 'அப்பா' என்று எழுதியிருந்தது. அறையில் எழுந்த அழுகையை எனக்கு எழுதத் தெரியாது. மெசினுக்குப் பின்னால் நின்று தலையைக் குனிந்துகொண்டேன்.

கொஞ்சம் அடங்கியபோது சபாரத்தினம் அங்கிள் எழுந்தார். சுவரைப் பார்த்தார், பல்கனியைப் பார்த்தார், திரும்பவும் சுவரைப் பார்த்தார்.

"பிள்ளைக்குத் தலை வடக்கால கிடக்கு," என்றார்.

நான் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கன். எங்கள் வீடுகளில் கால் வாசலைப் பார்த்துக் கிடந்தால் போதும், திசை பார்ப்பதில்லை. சைவ வீடுகளில் இறந்தவருக்குத் தலை தெற்கே இருக்க வேண்டும் என்பது எனக்கு அன்றுவரை தெரியாது. அங்கே ரொறன்ரோ மண்டபத்தில் பெட்டி எந்தப் பக்கம் கிடந்ததோ, யார் கண்டார்கள். ஒருவர் அதைச் சொல்லியும் பார்த்தார்.

"அங்க எப்பிடியும் கிடக்கட்டும்," என்றார் அங்கிள். "இது இந்த வீட்டுச் செத்தவீடு. அவன் இந்த வீட்டில பிறந்து வளந்தவன். இஞ்ச தெற்கால கிடக்கோணும்."

அவர் கோபத்தில் சொல்லவில்லை. அவருக்கு மருமகனுக்காகச் செய்ய மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். கொள்ளி வைக்கவோ தோள் கொடுக்கவோ முடியாது. தலையையாவது சரியாக வைக்கலாம் அல்லவா?

எனக்கு ஒரு யோசனை ஓடியது. திரைக்குப் பின்னாலிருந்து படம் காட்டுகிறவர்களுக்காக மெசினில் ஒரு வசதி உண்டு, படம் இடம் வலமாகப் புரண்டுவிடும். வேறு நாட்களில் யாராவது தெரியாமல் அதை அமத்திவிட்டு எழுத்தெல்லாம் புரண்டுபோயிற்று என்று என்னைக் கூப்பிடுவார்கள். நான் அதையே ரிமோட்டில் தேடி அமத்தினேன். இடப்பக்கம் இருந்த தலை வலப்பக்கம் போயிற்று. தெற்கு. அங்கிள் தலையாட்டினார். எனக்கு உள்ளுக்குள் பெருமை. இவ்வளவு சுலபமாக முடித்துவிட்டேனே என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

நவமணி அன்ரி அழுகையை நிறுத்திவிட்டுச் சுவரை உற்றுப் பார்த்தார்.

"இது ஆர்?"

அன்ரி தன் வலப்புருவத்தில் விரலை வைத்தார்.

"என்ர பிள்ளைக்கு வலப்பக்கப் புருவத்திலயெல்லோ காயம். தண்டவாளத்துக் கல்லில விழுந்த காயம். நான்தான் தூக்கிக்கொண்டு ஓடினனான். இது இடப்பக்கம் கிடக்கு. இது அவனில்ல."

மலர்வளையத்தில் 'அப்பா' புரண்டு கிடந்ததை அப்போதுதான் நானும் கண்டேன். பழையபடி மாற்றினேன். முகம் சரி, தலை வடக்கு. அங்கிள் உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்த விதம்தான் என்னைச் சுட்டது. தாய்க்கு முகம் வேண்டும், மாமனுக்குத் திசை வேண்டும், இரண்டும் நியாயம்.

படத்தைப் புரட்டாமல் தலையைத் தெற்கே வைக்க ஒரே வழி அறையைப் புரட்டுவதுதான். கடல் பக்கம் பார்த்து உட்கார்ந்தால் இடக்கைப் பக்கம் தெற்கு. அதைச் சொல்லி வாய் மூடவில்லை, கலாவின் அழைப்பு வந்தது. அங்கிள் கேட்டுவிட்டு, "மூடப் போகினமாம். கடைசியா ஆக்கள் சுத்தி வருகினம்," என்றார்.

இங்கே ஒரு சிக்கல். அந்தக் காலத்து மெசினில் பல்ப் கொதிக்கக் கொதிக்க இருக்கும். நிறுத்தினால் ஆறும்வரை திரும்ப எரியாது. எரிகிறபோது அசைத்தால் வெடித்தாலும் வெடிக்கும். அசைக்காதே என்பதுதான் கடையின் முதல் சட்டம். நான் எரிகிற மெசினை இரண்டு கையாலும் தூக்கினேன். அங்கிள் மெசினோடு வயர் போட்டிருந்த லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு என் தோளோடு ஒட்டி நடந்தார். சனம் கதிரைகளை இழுத்து வழி விட்டது. நாங்கள் திரும்பத் திரும்ப, சுதாகரன் சுவரிலிருந்து இறங்கி, சாமிப் படங்களின் மேல் போய், குளிர்சாதனப் பெட்டியின் மேல் வளைந்து, உட்கார்ந்திருந்தவர்களின் மடிகளில் கிடந்து கிடந்து போனார். அன்ரியின் மேலும் போனார். அவருடைய வெள்ளைச் சேலையில் ஒரு கணம் மகனின் கை தெரிந்தது. அன்ரி அதைத் தொட்டார்.

பல்கனிக் கதவுக்குத் திரை வேண்டும். அன்ரி வீட்டுப் படுக்கை விரிப்புகள் எல்லாம் பூப்போட்டவை. அங்கிளின் வேட்டிக் கரை முகத்துக்குக் குறுக்கே விழும். சத்தம் கேட்டு வாசலுக்கு வந்திருந்த கீழ் வீட்டுச் சிங்கள அக்கா இறங்கி ஓடி, பன்சலைக்கு, அதாவது விகாரைக்கு, தானம் கொண்டுபோகும்போது விரிக்கிற பெரிய வெள்ளைத் துணியுடன் வந்தார்.

"மல்லி, மே ரெத்த கன்ன," என்றார். இந்தத் துணியை எடு தம்பி.

கதவுச் சட்டத்தில் தொங்கவிட்டோம். படம் விழுந்தது. வலப்புருவத்தில் காயம், தலை தெற்கே. கதவு சாத்தியிருந்தாலும் கீழ் இடுக்கால் கடற்காற்று வந்தது. துணி மெல்ல உப்பித் தாழ்ந்தது. சுதாகரனின் நெஞ்சு ஏறி இறங்கியது. நான் பதறிப்போய் துணியின் கீழ் ஓரத்தைப் பிடிக்கப் பாய்ந்தேன்.

"விடும் தம்பி," என்றார் அன்ரி. "பிடிக்க வேண்டாம்."

எழுந்து கிட்டப் போனார். ஆள் அளவுதான். மகனின் முகத்துக்கு நேரே நின்று, காயம் இருந்த இடத்தில் துணியைத் தடவினார். மெசினின் வெளிச்சம் அவர் முதுகில் விழுந்தது. அங்கே கறுப்புக் கோட் போட்ட இரண்டு பேர் வந்து மூடியை இறக்கினார்கள். இங்கே அங்கிள் தேவாரம் ஒன்றைத் தொடங்கினார். பெட்டி உருண்டு படத்துக்கு வெளியே போயிற்று. பிறகு வெறும் கதிரைகள். பிறகு ஒரே நீலம்.

அந்த நீலத்தில் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். வழக்கமாக நீலம் வந்தால் என் கை தானாக வயரைத் தேடும். அன்றைக்குத் தேடவில்லை.

வெகுநேரம் கழித்து, "அன்ரி, நிப்பாட்டவா?" என்று கேட்டேன்.

"எந்த பட்டன்?"

காட்டினேன். ரிமோட்டை வாங்கித் தானே அமத்தினார். படம் நிற்கவில்லை. துணியில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது.

"என்னவாம்?"

"உண்மையா நிப்பாட்டவா எண்டு கேக்குது அன்ரி. ஓம் எண்டா இன்னொருக்கா அமத்தச் சொல்லுது."

அன்ரி ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு அந்த வரியையே பார்த்திருந்தார். கொஞ்சத்தில் அது தானாக மறைந்து திரும்ப நீலம் வந்தது. பிறகு, யாரும் சொல்லாமலே, இரண்டு தரம் அமத்தினார். வெளிச்சம் போயிற்று. பல்ப் ஆறும்வரை காற்றாடி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அது ஓயும்வரை ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

அந்தத் தொடர்மாடியை இடித்துவிட்டார்கள். இப்போது அங்கே நிற்பது எத்தனை மாடியென்று நான் அண்ணாந்து பார்த்ததில்லை. எங்கள் கடை இருந்த இடத்தில் ஃபோன் கவர் விற்கிறார்கள். அங்கிள் முதலில் கண்ணை மூடினார். அன்ரி, காலம் பிந்தி விசா கிடைத்து, ரொறன்ரோவில் கலாவோடு போய் இருந்தார். இப்போது செத்தவீடென்றால் ஃபோனுக்கு ஒரு லிங்க் வரும். ஒவ்வொருவரும் அவரவர் இருக்கிற இடத்தில், பஸ்ஸிலோ கந்தோரிலோ, தனித்தனியாகப் பார்த்துக்கொள்கிறார்கள். கதிரை இழுத்து வழி விட யாருமில்லை.

போன வருடம் கலா எனக்கும் ஒன்று அனுப்பினாள். நவமணி அன்ரியின் செத்தவீடு. வேலை முடிந்து காலி வீதியில் பஸ்ஸுக்கு நின்றபடி பார்த்தேன். விரல் அளவுதான் தெரிந்தார். மூடி இறங்கியது, பெட்டி நகர்ந்தது, வெறும் கதிரைகள் தெரிந்தன. உடனே, நான் எதையும் அமத்தாமலே, அடுத்த வீடியோ தானாக ஓடி, யாரோ ஒரு பெண் சிரித்துக்கொண்டு கணவாய் பிரட்டல் சமைக்கக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினாள். நிப்பாட்டவா என்று என்னை யாரும் கேட்கவில்லை.