வாந்திக்கு மட்டும் நிற்கும் பஸ்

மலக்குடலில் வந்த புற்றை வெட்டி எடுத்து, மிச்சக் குடலைக் கீழே இழுத்துத் தைத்திருந்தார்கள். பிழைத்துக்கொண்டேன். ஆனால் மலத்தைத் தேக்கி வைக்க உள்ளே இடமில்லை. ஒரு முறை போனால், அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் நாலைந்து முறை போக வேண்டும். அடக்கவும் முடியாது. இரண்டாயிரமாவது ஆண்டு வாக்கில் நான் மலைமேல் இருக்கும் செம்மேட்டிலிருந்து செய்தி அனுப்பும் பகுதிநேர நிருபர். மாதம் ஒரு முறை பரிசோதனைக்கு மலையிறங்க வேண்டும். எழுபது கொண்டை ஊசி வளைவுகள்.

பஸ்ஸில் யாருக்காவது குமட்டினால் கண்டக்டர் விசில் அடிப்பார். டிரைவர் ஒதுக்கி நிறுத்துவார். பஸ்ஸைக் கழுவும் வேலை மிச்சம் என்பதுதான் காரணம்.

முதல் பயணத்தில், மேலிருந்து பன்னிரண்டாவது வளைவில், கண்டக்டரிடம் குனிந்து நிறுத்தச் சொன்னேன்.

"வாந்திங்களா?"

"இல்லீங்க, வயிறு. ஆபரேஷன் பண்ணுனது. அடக்க முடியாதுங்க."

அவர் பஸ் முழுவதற்கும் கேட்கும்படி சொன்னார்: "வாந்திக்குத்தானுங்க நிறுத்துவோம். வெளிக்குப் போறதையெல்லாம் ஊட்லயே முடிச்சுட்டு வரோணும். சின்னப் புள்ளையா நீங்க?"

"டிரைவரண்ணா, அழுத்தி ஓட்டுங்க, சாருக்கு அவசரமாமா!" என்றது பின்சீட்டு. எல்லோரும் சிரித்தார்கள்.

இருபத்தாறாவது வளைவில் வேட்டி நனைந்தது. அடிவாரம் வரை நின்றுகொண்டே வந்தேன். கண்டக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு டிக்கெட் கிழித்தார். அவர் சட்டையில் மேலிருந்து மூன்றாவது பொத்தான் வேறு நிறம்.

அடுத்த மாதமும் அதே கண்டக்டர். போன முறை பட்டினியோடுதான் பஸ் ஏறியிருந்தேன். அன்று ஆறு இட்லி சாப்பிட்டேன். அவர் இருக்கைக்கு நேர் பின்னால் உட்கார்ந்தேன். வயிறு முறுக்கியதும் வாயைப் பொத்தி, அவர் தோள்மேல் சாய்ந்து, தொண்டையிலிருந்து ஒரு சத்தம் எழுப்பினேன். துள்ளி எழுந்து விசில் அடித்தார்.

பாறை மறைவில் நிதானமாகப் போனேன். நாலு வளைவு தாண்டி இரண்டாம் முறை. பிறகு மூன்றாம் முறை. நம்பினாரோ இல்லையோ, சட்டையைப் பணயம் வைக்க அவர் தயாரில்லை. அடிவாரத்தில் வேறு பஸ் பிடிக்க வேண்டியவர்கள் அவரைத்தான் திட்டினார்கள்.

ஐந்தாம் முறை கெஞ்சினார். "சார், டைம் போச்சுங்க. கீழ என்னையத்தான் கேள்வி கேப்பாங்க. இன்னும் எத்தனை தடவைங்க?"

"வாந்திக்குத்தானுங்களே நிறுத்தச் சொல்றேன்" என்றபடி இறங்கினேன்.

உண்மையில் மூன்றாம் முறையோடு வயிறு அடங்கிவிட்டது. பாறைக்குப் பின்னால் சும்மா நின்று, கீழே ஒரு லாரி வளைவு வளைவாக ஏறி வருவதை எண்ணிக்கொண்டிருந்தேன். ஏழாவது வளைவில் அது திரும்பியபோது விசில் இரண்டு முறை கேட்டது. எட்டாவதும் ஏறட்டும் என்று நின்றேன்.